தாத்தாவின் ஊருக்கு என்ன சான்று?

இலங்கைத் தமிழர் முகாம்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தமிழ்நாட்டுக் கட்சிகளின் வாயில் முதலில் வரும் சொல் ‘தொப்புள்கொடி உறவு’. மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் குடியுரிமை விண்ணப்பத்தோடு நிற்பவருக்கு ஒரு பயனும் இல்லை. அங்கே கேட்கப்படுவது கடவுச்சீட்டு, விசா, பெற்றோரின் பிறப்புச் சான்று. இவை இல்லாமல் படகில் வந்து இறங்கியவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்குப்படி 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் வாழ்ந்தனர். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 34,087 பேர். முகாம்களில் இருப்போரில் ஏறக்குறைய பாதிப் பேர் மலையகத் தமிழர் என்று சொல்லப்படுகிறது. அதாவது திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். அப்படிப் போனவர்களில் பெரும்பங்கினர் பள்ளர், பறையர், அருந்ததியர்.

கடைசியாகச் சொன்ன இந்தச் செய்தியை ‘தொப்புள்கொடி’ப் பேச்சு கவனமாக மறைத்துவிடுகிறது. இவர்களின் சிக்கலை அகதிச் சிக்கலாக மட்டும் பார்ப்பது பாதி உண்மை. நிலமும் பட்டாவும் மறுக்கப்பட்ட சாதிகளுக்கு, நிலமும் பட்டாவும் இல்லை என்ற காரணத்தாலேயே பிறகு நாடும் மறுக்கப்பட்டது. இதுதான் மீதி உண்மை. ஆகவே முகாம்வாசிகளின் குடியுரிமை, சாதி ஒழிப்பு இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டிய ஒன்று.

எப்படிப் போனார்கள்?

தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் தவறாமல் விளைந்த பெருமையை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். விளைவித்தவர்களுக்கு அந்த வயலில் ஒரு சென்ட் கிடையாது. நஞ்சை கோயிலுக்கும் மடத்துக்கும் மிராசுகளுக்கும் சொந்தம். பண்ணையாளுக்குச் சொந்தமானது கடன். ஆறு ஓடாத வானம்பார்த்த பூமியில் நிலைமை இன்னும் மோசம். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம், பிழைக்க வழி தேடியவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்ட வைத்தது.

அழைத்துப் போனவர் கங்காணி. முன்பணம் கொடுப்பார், பயணச் செலவையும் சேர்த்துக் கடனாக எழுதிக்கொள்வார். கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ இருந்தால்தான் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையும் வந்தது. பட்டா இல்லாதவர்களுக்குக் கிடைத்த முதல் அரசாங்க ஆவணம் கழுத்தில் தொங்கிய அந்தத் தகரம்தான்.

மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைப்பதற்கு இலங்கை அரசின் பொறுப்பில் நடந்த முகாம் அது. 1980களில் போருக்குத் தப்பி வந்தவர்கள் பதிவுக்காகக் கொண்டுபோகப்பட்டதும் மண்டபத்துக்குத்தான். கொள்ளுத்தாத்தா கூலியாகப் புறப்பட்ட ஊரில் பேத்தி அகதியாக இறங்கினாள். முதல் பயணத்தில் இரண்டு அரசுகளுக்கும் அவர்களின் உழைப்பு தேவைப்பட்டது. கடவுச்சீட்டு எங்கே என்று எவரும் கேட்கவில்லை.

நாடு எப்படிப் பறிபோனது?

1947ல் இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம். தந்தை வழி முன்னோர் இலங்கையில் பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்ற கணக்கில் தோட்டத் தொழிலாளர் நாடற்றவர் ஆனார்கள். 1949ல் வாக்குரிமையும் போனது. பதிவு மூலம் குடியுரிமை பெறுவதற்குக் கடுமையான நிபந்தனைகளை வைத்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்துக்குத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் ஆதரவு தந்தார். அதை எதிர்த்து வெளியேறிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தமிழர் என்ற ஒற்றைச் சொல், தோட்டத் தொழிலாளியைக் காப்பாற்றப் போதுமானதாக அன்றைக்கே இல்லை.

இந்தப் பக்கம் இந்திய அரசமைப்பு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு உருவாக்கிய அரசமைப்பின் 8ஆம் உறுப்பு, வெளிநாட்டில் வாழும் ஒருவரின் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து அவர் இந்தியக் குடிமகன் ஆகலாம் என்கிறது. ‘தாத்தா பாட்டி’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றார்கள். மீதி 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று அந்த மக்களைக் கேட்பதற்கு முன்பே எண்ணிக்கை முடிவாகிவிட்டது. சந்தையில் மாடு பிரிப்பதைப் போலப் பிரித்தார்கள் என்று அந்த மக்கள் இன்றும் சொல்வதில் மிகை ஏதும் இல்லை. ஒப்பந்தக் காலம் 1981ல் முடிந்தது. போரினால் 1984ல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பலும் நின்றது.

1977, 1983 வன்முறைகளில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். போர் அங்கேயும் துரத்தியது. 1983க்குப் பிறகும், 1990லும், 1996க்குப் பிறகும், 2006க்குப் பிறகும் படகேறி வந்தவர்களில் இவர்களும் உண்டு. ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் ‘தாயகம் திரும்பியோர்’. அதே குடும்பத்தில் படகில் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’.

அண்ணன் இந்தியர், தம்பி வெளிநாட்டவர்

ஆய்வுக்காக முகாம்களுக்குப் போகும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் நாலைந்துதான். அவற்றுக்குச் சட்டம் சொல்லும் பதிலை இங்கே தெளிவாக எழுதிவிடுவது நல்லது. அரைகுறைத் தகவலை வைத்துப் பணம் பறிக்கும் தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

முதல் கேள்வி: நான் இங்கேயே பிறந்தவன், எனக்குக் குடியுரிமை உண்டா? பிறந்த தேதியைப் பொறுத்தது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 3ஆம் பிரிவின்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

ஒரே முகாமில் ஒரே தாய்க்கு 1986ல் பிறந்த அண்ணன் இந்தியர். 1988ல் பிறந்த தம்பி வெளிநாட்டவர். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண் இதை வைத்துத்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022ல் உத்தரவு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் அவர் வாக்களித்தபோது செய்தித்தாள்கள் படம் போட்டன. செய்தி அதோடு முடிந்தது, சட்டம் முடியவில்லை. அப்படி ஒரு பெண் 1990ல் படகில் வந்த ஒருவரை மணந்து, 2008ல் அவர்களுக்குக் குழந்தை பிறந்திருந்தால், தந்தை ‘சட்டவிரோதக் குடியேறி’ என்பதால் அந்தக் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. தாய் வாக்களிக்கலாம். பிள்ளை வெளிநாட்டவர்.

இரண்டாம் கேள்வி: முப்பது வருடம் இங்கே இருந்துவிட்டோம், அதை வைத்துக் கேட்க முடியாதா? சாதாரணமாக முடியும். இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் 5ஆம் பிரிவின்கீழ்ப் பதிவு மூலம் கேட்கலாம். மற்றவர்கள் மொத்தம் 12 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் 6ஆம் பிரிவின்கீழ்க் கேட்கலாம். இரண்டு வழிகளுக்கும் ஒரே பூட்டு: சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் திருத்தம் போட்ட பூட்டு இது. 40 ஆண்டுகள் முகாமில் வாழ்ந்தாலும், ஒவ்வொரு மாதமும் அரசே ஆளெண்ணிப் பணக்கொடை கொடுத்தாலும், வந்த அன்று கையில் தாள் இல்லை என்பதால் அத்தனை ஆண்டுகளும் கணக்கில் வராது.

மூன்றாம் கேள்வி: குடியுரிமை இல்லாவிட்டால் என்ன இழப்பு, அரசுதான் வீடும் அரிசியும் கொடுக்கிறதே? இதைக் கேட்பவர்கள் முகாமுக்கு வெளியே இருப்பவர்கள். வாக்குரிமை இல்லை. அரசு வேலை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. அந்நியச் செலாவணி விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. 5 ஆண்டுகளுக்கு மிகாத குத்தகைக்கு மட்டும் எடுக்கலாம். பண்ணையாளாக இருந்தபோது சாதியால் கிடைக்காத நிலம், இன்று உழைத்துச் சேர்த்த காசை வைத்துக்கொண்டு நின்றாலும் சட்டத்தால் கிடைக்காது. சேரியில் பிறந்து இன்றும் அதே வசவைக் கேட்கும் பிள்ளைக்கு இட ஒதுக்கீட்டில் ஓர் அரசுப் பணி கேட்கவும் வழி இல்லை. சாதி கடலைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. சாதிக்கு எதிரான உரிமை மட்டும் வந்து சேரவில்லை.

தாத்தாவை எந்தச் சட்டம் ஏற்கும்?

நான்காவது கேள்விதான் என்னை மிகவும் நிறுத்திய கேள்வி. ஒரு அம்மா கேட்டார்: “எங்க தாத்தா அம்பாசமுத்திரம் பக்கம்னு அம்மா சொல்லும். ஊரு பேரு தெரியாது. அதுக்கு என்ன தம்பி காட்டணும்?”

5ஆம் பிரிவின் விளக்கத்தின்படி ‘இந்திய வம்சாவளியினர்’ என்றால் அவரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். அந்த அம்மாவும் அவருடைய பெற்றோரும் மலையகத்தில் பிறந்தவர்கள். ஆகவே அம்பாசமுத்திரத்துத் தாத்தா இந்தப் பிரிவுக்குச் செல்லமாட்டார். அரசமைப்பின் 8ஆம் உறுப்பு ஏற்றுக்கொண்ட தாத்தாவைக் குடியுரிமைச் சட்டம் ஏற்கவில்லை.

ஆனால் அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தில் தாத்தா மட்டுமல்ல, கொள்ளுத்தாத்தாவும் செல்லுபடியாகிறார். அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியுரிமை பெற்றவரின் கொள்ளுப்பேரன் வரைக்கும் ஓ.சி.ஐ. அட்டை உண்டு. அது முழுக் குடியுரிமை அன்று என்றாலும் வாழ்நாள் விசா. நினைத்தபோது வரலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். 2024 மார்ச்சில் மொரீசியசு சென்ற குடியரசுத் தலைவர், அங்குள்ள 7ஆம் தலைமுறை இந்திய வம்சாவளியினருக்கும் அந்த அட்டை கிடைக்கும் என்று அறிவித்தார். 2025 ஜூலையில் டிரினிடாட் சென்ற பிரதமர் 6ஆம் தலைமுறைக்கு அறிவித்தார். அவர்களின் முன்னோரும் கூலிகளாகக் கப்பலேறியவர்கள்தாம். அவர்களுக்குக் கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. 7 தலைமுறையைத் தாண்டிப் பார்க்கும் கண்ணுக்கு, மூன்றாம் தலைமுறையில் இங்கே முகாமில் இருப்பவர் மட்டும் ஏன் தெரியவில்லை என்பதுதான் நம் கேள்வி.

சான்று விசயத்திலும் சாதி இருக்கிறது. நிலம் வைத்திருந்த குடும்பம் 1900ல் போன தாத்தாவைப் பத்திரத்தில் காட்டிவிடும். கோயில் கல்வெட்டில் உபயதாரர் பெயர் இருக்கும். பள்ளிப் பதிவேடு இருக்கும். சேரியிலிருந்து போனவருக்கு இவற்றில் எது இருக்கும்? கோயிலுக்குள் விடாதவர்கள் கோயில் ஆவணத்தில் பெயர் எழுதியிருப்பார்களா? ஆவணம் என்பது எல்லோருக்கும் பொதுவான ஒன்று என்று எண்ணுவது, ஆவணம் எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமே எளிது.

ஒரு வரித் திருத்தம்

2019 ஜூன் 17 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று தள்ளிவிடக் கூடாது, புதிதாக விண்ணப்பிக்கட்டும், 16 வாரங்களில் ஒன்றிய அரசு முடிவு செய்ய வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் பெயர் சொன்னது. இசுலாமியரையும் இலங்கையையும் வெளியே விட்டது. ‘இந்துக்களுக்கு அடைக்கலம்’ என்று முழங்கியவர்களுக்கு, முகாமில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் தலித் குடும்பம் இந்துவாகவும் தெரியவில்லை. மதத்தைக் குடியுரிமைக்கு அளவுகோல் ஆக்கிய அந்தச் சட்டத்தில் இடம் கேட்பது நம் கோரிக்கை அன்று. அது எப்படி இயங்கியது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

முதலில் 2015ல், அந்த நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு, வெளிநாட்டவர் சட்டங்களிலிருந்து விலக்கு அளிக்கும் ஆணைகள் தொடங்கின. பிறகு 2019ல், அப்படி விலக்குப் பெற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்படமாட்டார் என்று குடியுரிமைச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. விலக்கு முதல் படி. அந்த வரி இரண்டாம் படி.

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனைகளிலிருந்து விடுவித்தது. இது வரவேற்க வேண்டிய ஆணை. இதனால் குடியுரிமை கிடைத்துவிட்டது என்று முகாம்களில் பரவிய பேச்சு மட்டும் சரியன்று. ஜெயிலுக்குப் போகவேண்டாம் என்பதுதான் ஆணை சொல்வது. இலங்கைத் தமிழருக்கு முதல் படி வைக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் படிக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு வரி போதும்.

‘குடியுரிமை கொடுத்துவிட்டால் ஈழக் கோரிக்கை வலுவிழந்துவிடும்’ என்று ஒரு வாதம் உண்டு. ஒரு மக்களின் பிள்ளைகள் இன்னும் எத்தனை தலைமுறைக்கு ஒரு கோரிக்கையின் சாட்சிப் பொருளாக 10க்கு 10 அறையில் இருக்க வேண்டும்? ‘இலங்கையே 2003ல் சட்டம் போட்டு மலையகத் தமிழருக்குக் குடியுரிமை தந்துவிட்டது, திரும்பிப் போகலாமே’ என்பது இன்னொரு வாதம். போக விரும்புவோருக்கு வழி எளிதாக வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லயன் வீட்டை விட்டு விரட்டப்பட்டு, வன்னியில் வெட்டிய காட்டையும் இழந்தவர் எந்த நிலத்துக்குத் திரும்புவார்? 1964ல் அவர்களைக் கேட்கவில்லை. இப்போதாவது கேட்க வேண்டும்.

இது அவர்களுடைய சிக்கல் மட்டுமா?

திருநெல்வேலியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது மாஞ்சோலையை நினைக்காமல் இருக்க முடியாது. சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 1929ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த பாம்பே பர்மா நிறுவனம், 2024ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் போகச் சொல்லி வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களுக்கு மலையிலும் நிலம் இல்லை, கீழேயும் நிலம் இல்லை. அவர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று ஊர்வலம் போனவர்களில் 17 பேரைத் தாமிரபரணியில் பறிகொடுத்தோம். கண்டியிலும் மாஞ்சோலையிலும் தேயிலை பறித்தவர்கள் ஒரே மக்கள். ஓர் எல்லைக்கோடு குறுக்கே விழுந்ததால் ஒருவர் அகதி, மற்றவர் நிலமற்ற குடிமகன்.

அந்தக் குடிமகனும் நிம்மதியாக இருக்க முடியாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் படிவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பழைய பட்டியலில் பெயர் கிடைக்காதவர் காட்ட வேண்டிய ஆவணங்கள் பிரிக்கப்பட்டிருப்பது 1987 ஜூலை 1, 2004 டிசம்பர் 2 என்ற அதே தேதிகளின்படிதான். முகாம் மக்களை 20 ஆண்டுகளாக வாட்டும் தேதிகள் இப்போது நம் தெருவுக்கும் வந்துவிட்டன. அப்பாவின் பிறப்புச் சான்றைத் தேடி அலைவது செங்கல் சூளையில் வேலை பார்ப்பவரா, பத்திரக்கட்டு வைத்திருக்கும் வீட்டுக்காரரா?

செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளன. விலக்கு ஆணையில் வரும் இலங்கைத் தமிழர் எவரும், மத வேறுபாடு இல்லாமல், சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்படமாட்டார் என்ற வரியைக் குடியுரிமைச் சட்டத்தில் ஒன்றிய அரசு சேர்க்க வேண்டும். 5ஆம் பிரிவில் தாத்தா பாட்டியைச் சேர்க்க வேண்டும். தோட்டப் பதிவேடு, இலங்கையில் பெற்ற பிறப்புச் சான்று, ஊர்ப் பெரியவர்களின் உறுதிமொழி ஆகியவற்றை வம்சாவளிச் சான்றாக ஏற்க வேண்டும். இவை தில்லியின் வேலை.

தமிழ்நாடு அரசு எவரிடமும் அனுமதி கேட்காமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள் அனைவருக்கும் முகாம் முகாமாகப் பிறப்புச் சான்று எடுத்துக் கொடுக்கலாம். அவர்கள் ஏற்கெனவே இந்தியக் குடிமக்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டிய தேவை இல்லை. பெருமாள்புரத்திலிருந்தும் தாப்பாத்தியிலிருந்தும் அந்த வேலையைத் தொடங்கலாம். நம் இயக்கங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், படிவம் நிரப்பத் தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். சட்ட உதவி முகாம் ஒன்றை இந்த மாதமே நடத்த நமக்கு யாருடைய ஆணையும் தேவையில்லை.